மேல் பக்கம்

கொழும்பு,
டிசம்பர் 5

அன்புள்ள அண்ணே,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் இன்று காலையில்கூட அடித்துப் பார்த்தேன். அப்புறம் பசறையில் லத்தீப் நானாவின் கடைக்கு அடித்தேன். "விஜேந்திரன் பேச மாட்டேங்கிறான் மகள். ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க. மடுல்சீமைக்குச் சாமான் லொறி போறப்ப கையில குடுக்கிறேன்" என்றார். அதனால்தான் இந்தக் காகிதம். ஊவா மாகாணத்தில் யார் யாரோடு போனில் பேசினாலும் அந்தப் பேச்சு ஓடுகிற பாதையைக் கொழும்பில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. கூடப் பிறந்தவனோடு பேச எனக்கு லொறி வேண்டியிருக்கிறது.

அண்ணி போன செய்தியை நீதான் சொன்னாய். தேயிலைத் தோட்டத்து போன் டவருக்கு உயிர் வந்ததும் ஸ்கூல் முகாமிலிருந்து அடித்தாய். நான் "அண்ணே" என்று வாயெடுப்பதற்குள், "என் பொண்டாட்டியக் கொன்னவ நீதான்டி. நீதான் பூட்டுன" என்றாய். வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

நீ பூட்டச் சொன்னதைத்தானே அண்ணே பூட்டினேன்? அன்று மத்தியானம், மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவில், "பாப்பா, மேல் பக்கத்தப் பூட்டு. கேபிள் ஜொயின்ட் பெட்டிக்குள்ள தண்ணி போயிருச்சு, பிரிச்சுப் பாக்கப் போறேன். நான் சொல்ற வரைக்கும் தொறக்காத" என்றாய். அந்தக் கேபிளில் பேச்சு ஓடாதபடி நான் திரையிலேயே மேல் பக்கத்தைப் பூட்டினேன். இதில் என் குற்றம் என்ன?

தீபாவளிக்கு வந்தபோது என் போனில் இருந்த அந்த வட்டப் படத்தைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அண்ணி ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். நீதான் அவளுக்குச் சொன்னாய்: "பதுளையில இருந்து நம்ம டவர் மெஷின் ரூமுக்கு ரெண்டு கேபிள் வருது. ஒண்ணு பசறை ரோட்டோட. இன்னொண்ணு எல்ல டவுன் வழியா சுத்தி, மலை உச்சியத் தாண்டி எறங்குது. ரெண்டும் சேந்தா ஒரு வளையம். ஒண்ணு அறுந்தா, கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள பேச்சு மத்ததுல ஓடிரும்." அண்ணி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணா அறுந்துட்டா?" என்று கேட்டாள். "அது எப்படிடி ரெண்டும் ஒண்ணா அறும், பைத்தியம்" என்றாய். மூன்று பேரும் சிரித்தோம்.

கருமாதிக்கு வரட்டுமா அண்ணே? அடி, ஏசு, எல்லார் முன்னாலும் கேவலப்படுத்து. அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரி, சடை போட்டு ஸ்கூலுக்கு அனுப்பியவள் அவள். அவளுக்காகத் தலை முழுக என்னை விடு. "வா" என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

உன் தங்கச்சி,
நிஷாந்தினி


மடுல்சீமை,
டிசம்பர் 9

நிஷாந்தினி,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. "பதில் இல்லாம லொறிய எடுக்க மாட்டேன்" என்று லத்தீப் நானா அடம்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்காக எழுதுகிறேன்.

குற்றம் என்ன என்று கேட்கிறாய். கேட்டுக்கொள்.

தண்ணீர் போனது பசறை ரோட்டுப் பெட்டிக்குள். நான் பூட்டச் சொன்னது பசறைப் பக்கத்தை. நீ பூட்டியது மலைப் பக்கத்தை. கொழும்பில் ஏசி அறையில் கதிரை போட்டுக் கொடுத்தால் கண் அவிந்துவிடுமா?

மழை வலுத்ததும் வேலையை நிறுத்திவிட்டுப் பசறைக்கு வரச் சொன்னார்கள். பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. பொழுது சாய்கிற நேரம் ரோடு சரிந்தது. கேபிளும் அதோடு போனது. "போனா போகுது, மலைப் பக்கம் இருக்கே" என்று நான்தான் மற்ற ஆட்களுக்குத் தைரியம் சொன்னேன். அதற்குள் பதுளையிலிருந்து ஆபத்துச் செய்தி வந்துவிட்டது: மடுல்சீமையில் பணிய, பள்ளத்தில் இருக்கிற லயத்து வீடுகளில் உள்ளவர்கள் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். வீட்டுக்கு, நிரஞ்சிக்கு அடித்தேன். போகவில்லை. தோட்டத்தில் தெரிந்த எல்லாருக்கும் அடித்தேன். ஒருத்தருக்கும் போகவில்லை. உன் கன்ட்ரோல் ரூமுக்கு அடித்தேன். எப்போது அடித்தாலும் லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நடந்தேன். சரிந்த இடத்தில் பொலிஸ் மறித்துவிட்டது. விடிந்துதான் போய்ச் சேர்ந்தேன். நம்ம லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் அவளிடம் சொன்னது இது: "ஆபத்துன்னா ஒடனே போன் பண்ணுறேன். பண்ணினா ஒரு சாமானும் எடுக்காத, ஸ்கூலுக்கு ஏறிரு."

அடுத்த காம்பரா வீட்டுப் பெரியாயி அக்கா முகாமில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் எழுதுகிறேன், படி. "வா புள்ள, மேல போயிருவோம்னு கூப்புட்டேன் தம்பி. 'எங்க வீட்டுல ரெண்டு பேரு போன் கம்பனில இருக்காங்கக்கா. ஆபத்துன்னா எனக்குச் சொல்லாமயா இருப்பாங்க? அவரு போன் வரட்டும், வந்துர்றேன்'னுச்சு. போன மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு."

ரெண்டு பேர். காதில் விழுந்ததா?

அவளை எடுத்து அடக்கம் பண்ணின மறுநாள் நான் மலை உச்சி வரைக்கும் ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கேபிளில் ஒரு கீறல்கூட இல்லை. அன்று ராத்திரி நீ போட்ட பூட்டு ஒன்றுதான் குறுக்கே இருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விரலால் திறந்திருக்கலாம். திறந்தாயா?

கருமாதிக்கு வராதே. வந்தால் நான் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

விஜேந்திரன்


கொழும்பு,
டிசம்பர் 15

அண்ணே,

நான் வரவில்லை. நீ சொன்னபடியே இருந்துவிட்டேன். கருமாதி அன்று ஹொஸ்டல் குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அறைத்தோழி இஸ்ரா கதவைத் தட்டி, "உள்ள என்ன செய்றீங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். குளிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திறந்தாயா என்று கேட்டாய். திறக்கவில்லை. அது ஏன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அன்று பின்னேரம் திரை முழுக்கச் சிவப்பு. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அலாரம். மடுல்சீமையை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? முதலில் பார்த்ததே அதைத்தான். பசறைப் பக்கம் அறுந்திருந்தது. மலைப் பக்கத்தில் என் பூட்டு. திறக்கலாம் என்று விரல் போனது. ஆனால், நீ அந்தப் பக்கத்துப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பாய், உள்ளே கண்ணாடி இழைகள் வெட்டிக் கிடக்கும், திறந்தும் பிரயோசனம் இல்லை என்று நினைத்தேன். "நான் சொல்ற வரைக்கும் தொறக்காத" என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. விரலை எடுத்துவிட்டேன். மறுநாள், மலைப் பக்கம் முழுசாக இருக்கிறது என்று பதுளையிலிருந்து சொன்ன பிறகுதான் திறந்தேன். திறந்த உடனே மடுல்சீமை பச்சையாகிவிட்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது அண்ணே.

நேற்று பஸீல் சேர் கூப்பிட்டு விசாரித்தார். அவர்தான் எங்கள் பிரிவுக்குப் பெரியவர். "உங்கட அண்ணன் சரியா என்ன சொன்னவர்?" என்று கேட்டார். "மேல் பக்கத்தைப் பூட்டச் சொன்னார், சேர்" என்றேன். "அப்ப ஏன் கீழ இருக்கிறதைப் பூட்டினீங்க?" என்று திரையைக் காட்டினார். எனக்கு முதலில் அவர் சொல்வது விளங்கவே இல்லை. பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். படத்தில் பசறைப் பாதை வட்டத்தின் மேல் பாதியில் இருக்கிறது. மலைப் பாதை கீழ்ப் பாதியில் இருக்கிறது. எவனோ தாளில் இடம் இருந்தபடி வரைந்துவிட்டுப் போயிருக்கிறான்.

தினமும் பார்க்கிற படம்தான். ஆனால் உன் குரல் "மேல்" என்றதும் படத்தில் எது மேலே இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. நமக்கு மேல் என்றால் மலை. மேல் லயம், மேல் கோயில், மேல் மலைக் கொழுந்து. கீழே என்றுகூட நமக்கு வாயில் வராது, பணிய என்றுதானே சொல்வோம்? நான் மலைப் பக்கத்தைத்தான் பூட்டினேன். அதுதான் மேல்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நிலையத்தின் பெயரையும் பக்கத்தின் இலக்கத்தையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்டிருப்பேன். எங்கள் அறையின் விதி அது. திருப்பிச் சொல்லாமல் ஒரு பூட்டும் போடக்கூடாது. நீ என்பதால் "சரிண்ணே" என்று மட்டும் சொன்னேன். நமக்குள் என்ன விதி என்று நினைத்தேன்.

ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். பசறைப் பக்கம் நம் மெஷின் ரூமுக்குப் பணிய அல்லவா இருக்கிறது? அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன் நீ. அதைப் போய் ஏன் மேல் என்று சொன்னாய்?

நிஷா


மடுல்சீமை,
டிசம்பர் 21

பாப்பா,

உன் கடிதத்தை மெஷின் ரூம் வாசலில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வந்தவர்கள் காய்ச்சல் என்று நினைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஏன் மேல் என்று சொன்னேன்? உனக்காகத்தான் சொன்னேன்.

தீபாவளிக்கு நீ காட்டின படத்தை அப்படியே மனசில் வைத்திருந்தேன். என் தங்கச்சி கொழும்பில் பெரிய ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். தோட்டத்தான் மாதிரி "பணியப் பக்கம்" என்று நான் கத்தி, பக்கத்தில் இருக்கிறவன் அதைக் கேட்டுச் சிரித்து, அவள் மானம் போய்விடக்கூடாது. அவள் கண்ணுக்கு முன்னால் என்ன தெரிகிறதோ அதன்படி சொல்வோம் என்று நினைத்தேன். படத்தில் பசறை மேலே இருக்கிறது. அதனால் மேல் பக்கம் என்றேன். சொல்லிவிட்டு, அட, நமக்கும் கன்ட்ரோல் ரூம் பாஷை வந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் உன் பாஷையில் சொல்லியிருக்கிறேன். நீ என் பாஷையில் கேட்டிருக்கிறாய். அட முருகா! நான் தோட்டத்தானாகவே பேசியிருந்தாலும் சரி, நீ கொழும்புக்காரியாகவே கேட்டிருந்தாலும் சரி, நிரஞ்சி இன்றைக்கு இருந்திருப்பாள். யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்த வேலையைச் செய்திருந்தால்கூட இருந்திருப்பாள். ஒருத்தர் மேல் ஒருத்தருக்குப் பாசம் இருந்து என்ன கண்டோம்?

உன் மேல் கோபம் இருந்தவரைக்கும் எனக்குச் சோறு இறங்கியது. காலையில் எழும்பி, இவளை என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே முகம் கழுவுவேன். அந்தக் கோபத்தில்தான் கருமாதியைக்கூட நின்று முடித்தேன். இப்போது அதுவும் இல்லை. யாரைத் திட்டுவேன் சொல்லு? மண்ணைத் திட்டினால் அது கேட்கவா போகிறது?

முகாமில் போன் மணி அடித்தால் எல்லாரும் எடுக்க ஓடுகிறார்கள். நான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அண்ணன்


கொழும்பு,
டிசம்பர் 28

அன்புள்ள அண்ணே,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பஸீல் சேர் அறிக்கையை முடித்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் "தொடர்பாடல் குறைபாடு" என்று போட்டிருக்கிறார். அவ்வளவுதான். உன்னையும் குறை சொல்லவில்லை, என்னையும் குறை சொல்லவில்லை. அண்ணி பெயர் எங்கேயுமே இல்லை. "ஒருத்தருக்கும் தண்டனை வராதபடிதான் எழுதியிருக்கிறன், பயப்படாதீங்க பிள்ளை" என்றார். நல்ல மனுசன். எனக்குத் தண்டனை கொடுத்திருக்கலாம் அண்ணே. ஏதாவது ஒன்று கொடுத்திருக்கலாம்.

இனிமேல் எங்கள் அறையில் ஒருவரும் மேல், கீழ், இடது, வலது என்று சொல்லக்கூடாதாம். இலக்கம் மட்டும்தான் சொல்ல வேண்டும். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, யார் செய்த கூத்து இது என்று சிரிக்கிறார்கள். நேற்று லிஃப்டில் ஒருவர் என்னைப் பார்த்து, "மேலயா?" என்று கேட்டார். இறங்கிப் படியில் நடந்தேன்.

புதன்கிழமை பசறைப் பக்கமும் பச்சையானது. மடுல்சீமை வளையம் சேர்ந்துவிட்டது என்று எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடி இழையை இழையோடு சேர்க்கிற ஒவ்வொரு ஒட்டிலும் எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்று என் திரையில் தெரியும். பசறை ரோட்டுப் புது ஒட்டில் ஏறக்குறைய ஒன்றுமே வீணாகவில்லை. உன் கைதான் என்று உடனே தெரிந்தது. என் அண்ணன் இருக்கிறான், ஏதோ சாப்பிட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போயிருக்கிறான் என்பதை நான் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன். நீ வராதே என்று எழுதினாலும் வருவேன். கதவைச் சாத்தினாலும் வெளியே உட்கார்ந்திருப்பேன். அண்ணியை எங்கே வைத்திருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது அண்ணே. ஒரு தடவை அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். உன்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் பாப்பா


மடுல்சீமை,
ஜனவரி 9

அன்புள்ள பாப்பா,

அந்த ஒட்டு என்னுடையதுதான். கடைசி ஒட்டும் அதுதான். வேலையை விட்டுவிட்டேன்.

நாளைக்கு மொனராகலைக்குப் போகிறேன். அங்கே மாடசாமி மாமா கரும்புத் தோட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்டிருக்கிறார். தரை சமமாகத்தான் இருக்குமாம். மேல், பணிய என்று ஒன்றும் கிடையாதாம். மண் சரிந்து விழவும் அங்கே இடமில்லை.

நீ வரும்போது நான் இருக்க மாட்டேன். கோபம் என்று நினைக்காதே. சாமி சத்தியமாக இல்லை. கோபம் இருந்திருந்தால் உட்கார்ந்து உன்னை நாலு வார்த்தை ஏசிவிட்டு, அப்புறம் ரெண்டு பேரும் அழுதுவிட்டுச் சோறு தின்றிருப்போம். இப்போது உன் முகத்தைப் பார்த்தால் நீ "சரிண்ணே" என்று சொன்னதுதான் எனக்குக் கேட்கும். என் முகத்தைப் பார்த்தால் உனக்கும் நான் சொன்னதுதான் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு கூரைக்குள் உட்கார எனக்குத் தெம்பில்லை பாப்பா. மொனராகலை விலாசம் லத்தீப் நானாவுக்கும் நான் சொல்லவில்லை. அவரைப் போட்டு நச்சரிக்காதே.

ரெண்டும் ஒன்றாக அறுந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாளே, நாம் பதில் சொல்லாமல் சிரித்தோம். ரெண்டும் அறுந்து போக வேண்டியதில்லை. ஒன்று அறுந்தால் போதும், மற்றதை வீட்டு ஆட்களே பூட்டி வைத்துவிடுவார்கள். இதை அவளிடம் போய்ச் சொல்ல முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அவள் இருக்கிற இடத்தைக் கேட்டாய். கவனமாகப் படி. பஸ் ஃபெக்டரி வரைக்கும்தான் வரும். இறங்கி நட. மாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் பாதை ரெண்டாகப் பிரியும். ஒன்று நம்ம லயம் இருந்த இடத்துக்குப் போகிறது. அதில் கால் வைக்காதே. மண் இன்னும் இறுகவில்லை, மழை பெய்தால் ஆளை இழுக்கும். நீ மேல் பாதையில் போ. ரெட்டைச் சவுக்கு மரம் வரும், அதனடியில் நிரஞ்சி இருக்கிறாள். பூ வாங்கி வந்தால் கனகாம்பரம் வாங்கி வா, அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

மேல் என்று நான் சொல்வது நம்ம மேல், பாப்பா. மலைப் பக்கம். உன் படத்தில் இருக்கிற மேல் இல்லை. நீ திருப்பிச் சொல்வதைக் கேட்டு "சரி" என்று சொல்ல நான் அங்கே இருக்க மாட்டேன். பாதை பிரிகிற இடத்தில் நின்று, வாய்விட்டு ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார். சொல்லிவிட்டு ஏறு.

அண்ணன்